நாலாண்டு வாழ்ந்த நாடும் அதன் முதல் பத்தியும்

(மும்பை மாட்டுங்காவில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நான்கே ஆண்டுகள் இருந்து மறைந்த ஒரு நாட்டைப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1861 பிப்ரவரியில் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்த தென் மாநிலங்கள் அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் கூடித் தங்களுக்கெனத் தென்கூட்டமைப்பு என்ற ஓர் அரசை அமைத்தன. போர் மூண்டபின் மேலும் நான்கு சேர, மொத்தம் பதினொன்று. ஜெபர்சன் டேவிஸ் தலைவர், அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் துணைத் தலைவர், தலைநகர் பிற்பாடு ரிச்மண்ட். எந்த வெளிநாட்டு அரசும் முறைப்படி அங்கீகரிக்காமலே 1865-இல் அது தோற்று முடிந்தது. மக்கள்தொகை ஏறத்தாழ 91 இலட்சம். அதில் 35 இலட்சம் பேர் அடிமைகள். இந்த நாட்டைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுத உட்காருபவர் எந்த மொழிக்காரராயினும், முதல் பத்தியிலேயே ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். அடிமை முறையைக் காக்கப் பிரிந்த நாடு என்று எழுதுவதா, மாநில உரிமைக்காகப் பிரிந்த நாடு என்று எழுதுவதா, இரண்டையும் ஒரு ‘அல்லது’ போட்டு அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதா? மூன்றாவது வழிதான் நடுநிலை என்று பலரும் நினைக்கிறார்கள். அது நடுநிலை ஆகாது என்பதே என் வாதம். தமிழில் எழுதுபவர், அதுவும் இந்த நகரத்திலிருந்து எழுதுபவர், அந்த வழியைத் தேர்ந்தால் அவருக்கு மன்னிப்பு இன்னும் குறைவு என்றும் சொல்வேன்.

முதலில் ஆவணங்கள். பிரிந்தவர்கள் ஏன் பிரிந்தோம் என்பதை ஊகத்துக்கு விட்டுவைக்கவில்லை. தென் கரோலைனா 1860 டிசம்பர் 20-இல் பிரிந்தது. நான்கு நாள் கழித்துக் காரணங்களை விளக்கி ஓர் அறிக்கையை நிறைவேற்றியது. மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் மாநிலங்களும் அவ்வாறே செய்தன. தென் கரோலைனாவின் அறிக்கையில் முறையிடப்படுவது எது? தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் கடமையை வட மாநிலங்கள் தங்கள் சட்டங்களால் முடக்கிவிட்டன என்பது. நியூயார்க் வழியாக அடிமையோடு பயணம் செய்யக்கூட விடவில்லை என்பது. அடிமை முறையை வெறுக்கும் ஒருவர் நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது. மிசிசிப்பியின் அறிக்கையோ தொடக்கத்திலேயே தன் நிலையை அடிமை முறையோடு பிணைத்துக்கொண்டுவிடுகிறது. அதுவே உலகின் மிகப் பெரிய பொருளாதார நலன் என்றும் சொல்லிக்கொள்கிறது. 1861 மார்ச் 11-இல் ஏற்கப்பட்ட புதிய அரசமைப்பு, கறுப்பின அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் தன் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று தடுத்தது. பத்து நாள் கழித்து சவானா நகரில் பேசிய துணைத் தலைவர் ஸ்டீபன்ஸ், இனங்கள் சமமல்ல, அடிமை நிலையே கறுப்பினத்தவருக்கு இயல்பு என்ற கருத்துதான் புதிய அரசின் மூலைக்கல் என்றார். இவை எதிரிகள் சுமத்திய குற்றச்சாட்டுகள் அல்ல. அந்த அரசைக் கட்டியவர்கள், வெற்றி நம்பிக்கையோடு இருந்த நாளில், தம் மக்களைச் சேர்த்துக்கொள்வதற்காகச் சொன்னவை. சுந்தரர் கதையில் வரும் திருவெண்ணெய்நல்லூர் அவையில்கூட வழக்கைத் தீர்த்தது ஓலைதான். அதிலும் கையெழுத்தை ஒப்புநோக்கிய பிறகுதான்.

கதை மாறத் தொடங்கியது தோற்ற பிறகு. ரிச்மண்ட் பத்திரிகையாளர் எட்வர்ட் பொல்லார்ட் 1866-இலேயே ‘இழந்த இலட்சியம்’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு வரலாறு எழுதினார். அந்தத் தலைப்பே பின்னர் ஒரு முழுச் சிந்தனைப் போக்கின் பெயராயிற்று. மூலைக்கல் பேச்சைப் பேசிய அதே ஸ்டீபன்ஸ் 1868-இலும் 1870-இலும் இரண்டு பெரும் தொகுதிகள் எழுதி, சண்டை அரசமைப்புத் தத்துவம் பற்றியது, கூட்டாட்சியா மைய ஆட்சியா என்பது பற்றியது என்று வாதிட்டார். டேவிஸும் 1881-இல் தம் பங்குக்கு இரண்டு தொகுதிகள் எழுதினார். 1894-இல் தொடங்கப்பட்ட தென்மாநில மகளிர் சங்கம் ஒன்று சிலைகளை நிறுவியதோடு நில்லாமல் பள்ளிப் பாடநூல்களையும் கண்காணித்து வந்தது. தோற்றவன் தன் தோல்விக்கு ஒரு கண்ணியமான காரணம் தேடுவது மனித இயல்பு. அதற்காக ஸ்டீபன்ஸை மட்டும் தனியே கரித்துக்கொட்ட வேண்டியதில்லை. ஆனால் கலைக்களஞ்சியம் எழுதுபவர் முன்னே ஒரே மனிதர் சொன்ன இரண்டு காரணங்கள் கிடக்கின்றன. ஒன்று செயலின்போது சொன்னது, மற்றது செயல் தோற்றபின் சொன்னது. இரண்டுக்கும் ஒரே எடை போடுபவர் நடுநிலையாளர் அல்லர். சான்றை நிறுக்க மறுப்பவர். பிந்தைய விளக்கத்துக்கும் பதிவில் இடம் உண்டு. அது எப்படிப் பிறந்தது, யார் பரப்பினார்கள், நூறாண்டுக் காலம் அமெரிக்க வகுப்பறைகளை எப்படி ஆண்டது என்று சொல்லும் தனிப் பகுதியில் அதை எழுதலாம். போரின் காரணத்தைச் சொல்லும் வாக்கியத்தில் அதற்கு இடமில்லை.

தமிழ் வாசகர் இங்கே ஒரு கணம் தயங்குவார் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தயக்கத்தை மதித்தே பேச வேண்டும். மாநில உரிமை என்றதும் அமெரிக்கத் தோட்டக்காரர் நம் நினைவுக்கு வருவதில்லை. 1969-இல் அமைந்து 1971-இல் அறிக்கை தந்த இராஜமன்னார் குழு வருகிறது; 1974-இல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மாநில சுயாட்சித் தீர்மானம் வருகிறது. 1962-இல் மாநிலங்களவையில் அண்ணா தன்னாட்சியுரிமை கேட்டு நிகழ்த்திய கன்னிப்பேச்சும், அடுத்த ஆண்டு அரசமைப்பின் 16-ஆவது திருத்தத்தை ஒட்டித் திராவிட நாட்டுக் கோரிக்கை கைவிடப்பட்டதும் வருகின்றன. பாக் நீரிணைக்கு அப்பால் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். ஆகவே மையத்தோடு மோதித் தோற்ற ஒரு கூட்டமைப்பைப் பற்றிப் படிக்கும்போது நம் மனம் தானாகவே அந்தப் பக்கம் சாய்கிறது. ரிச்மண்டில் வார்க்கப்பட்ட சாக்கு மொழிபெயர்ப்பில் கடல் கடந்து வரும்போது நம் ஊர் நியாயத்தின் உடையை அணிந்துகொண்டுவிடுகிறது. அதனால்தான் உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்க வேண்டும். தென் கரோலைனாவின் முறையீடே வட மாநிலங்கள் தம் மாநில உரிமையைப் பயன்படுத்தி அடிமைகளைப் பிடித்துத் தர மறுத்தன என்பதுதான். வடக்கின் மாநில உரிமையை மைய அரசு ஏன் நசுக்கவில்லை என்று கேட்டவர்களை மாநில உரிமைப் போராளிகள் என்பது எப்படி? அவர்கள் எழுதிய அரசமைப்பும் அப்படியே. எந்த மாநிலத்துக்குள்ளும் ஒரு குடிமகன் தன் அடிமைகளோடு சென்று தங்கலாம், அவன் சொத்துரிமைக்குக் குறை வரக்கூடாது என்று அது விதித்தது. தன் எல்லைக்குள் அடிமை முறையைத் துடைத்தெறிய நினைக்கும் உறுப்பு மாநிலத்துக்கு அங்கே வழி ஏது? பிரிந்துபோகும் உரிமையைக்கூட அந்த அரசமைப்பு வெளிப்படையாக எழுதிக்கொள்ளவில்லை. தன்னை நிலையான கூட்டரசு என்றே அழைத்துக்கொண்டது. 1862 ஏப்ரலில் கட்டாய இராணுவச் சேவையையும் அதன் மைய அரசே கொண்டுவந்தது. உரிமை என்று எவரேனும் கொடி பிடிக்கும்போது, யாருக்கு உரிமை, யார் மீது செலுத்தும் உரிமை என்று கேட்க இந்த அவைக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. மண்ணின் மைந்தர் முழக்கம் 1960-களின் பிற்பகுதியில் இதே நகரில் யாரை நோக்கித் திரும்பியது என்பதை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள்.

மற்ற மறுப்புகளில் சுங்கவரி வாதத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தெற்கைக் கசக்கியதாகச் சொல்லப்படும் மோரில் சுங்கவரிச் சட்டம் நிறைவேறியது 1861 மார்ச்சில். ஏழு மாநிலங்கள் அதற்கு முன்பே பிரிந்து, அவற்றின் உறுப்பினர்கள் மன்றத்தை விட்டு வெளியேறியாகிவிட்டது. அதுவரை நடப்பிலிருந்தது 1857-ஆம் ஆண்டின் குறைந்த வரி. வடக்கு மட்டும் அடிமை விடுதலைக்காகவா போரிட்டது என்ற கேள்வி இன்னும் கனமானது. தொடக்கத்தில் இல்லை என்பதே நேர்மையான பதில். லிங்கன் ஒன்றியத்தைக் காக்கவே போரில் இறங்கினார். விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-இல்தான் வந்தது. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கு அடிமை மாநிலங்கள் அவர் பக்கமே இருந்தன. இவையெல்லாம் பதிவில் இடம்பெற வேண்டும். ஆனால் தெற்கு ஏன் பிரிந்தது என்பது ஒரு கேள்வி, வடக்கு ஏன் பிரியவிடாமல் சண்டையிட்டது என்பது வேறொரு கேள்வி. வடக்கின் நோக்கத்தில் அழுக்கு இருந்தது என்று காட்டுவதால் தெற்கின் நோக்கம் வெளுத்துவிடாது. சாதாரணத் தென்னகப் படைவீரனிடம் அடிமையே இல்லையே என்பார்கள். பலரிடம் இல்லைதான். அவன் ஏழை, தன் ஊரைக் காப்பதாக நம்பிச் செத்திருக்கலாம். அவனுடைய நம்பிக்கை அவன் வாழ்க்கை வரலாற்றுக்குரியது. அரசின் நோக்கம் அரசின் ஏட்டிலிருந்து எடுக்கப்பட வேண்டியது. அந்த அரசு 1862 அக்டோபரில் இருபது அல்லது அதற்கு மேற்பட்ட அடிமைகள் உள்ள தோட்டங்களுக்குக் கட்டாயச் சேவையிலிருந்து ஆள்விலக்கு அளித்தது. பணக்காரனின் போர், ஏழையின் சண்டை என்ற முணுமுணுப்பு தெற்கிலேயே எழுந்தது.

விக்கிப்பீடியாவில் தொகுத்துப் பழகியவர்கள் வேறொரு தடையை எழுப்புவார்கள்: சொந்த ஆய்வு கூடாது என்பது அங்கே விதி, மூல ஆவணத்தைப் படித்து நாமே முடிவு சொல்ல நாம் யார்? விதி நல்ல விதி. இங்கே அது நம்மைத் தடுக்கவில்லை. ஜேம்ஸ் மெக்பெர்சன் 1988-இல் வெளியிட்ட போர் வரலாறு துறையின் பொதுக் கருத்துக்கு நல்ல சான்று. சார்ல்ஸ் டியூ 2001-இல் வெளியிட்ட சிறுநூல் இன்னும் கூர்மையானது. பிரிந்த மாநிலங்கள் மற்ற அடிமை மாநிலங்களுக்கு அனுப்பிய தூதர்கள் அங்கே போய் என்ன பேசினார்கள் என்று மட்டுமே அவர் தேடிப் பார்த்தார். கிடைத்ததெல்லாம் அடிமை முறையும் வெள்ளையர் மேலாதிக்கமும்தான். டியூ தெற்கில் பிறந்து, மாநில உரிமைக் கதையைக் கேட்டு வளர்ந்தவர். விதி கேட்பது நம்பத்தகுந்த இரண்டாம்நிலைச் சான்றை. அது மலைபோலக் குவிந்திருக்கிறது. ஆகவே, இருதரப்பும் சொல்கிறது என்று எழுதி ஒதுங்குபவர் விதியைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டு அதை மீறுகிறார்.

சரி, அமெரிக்கர்களின் சண்டையை அமெரிக்கர்களே தீர்த்துக்கொள்ளட்டும், ஆங்கிலப் பதிவை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டால் போதாதா? தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 2009-ஐ ஒட்டிக் கூகுள் நிறுவனம் கூலி மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் ஏற்றியது. அமெரிக்க விருப்பங்களிலிருந்து பிறந்த தலைப்புகளும் முறுக்கிய வாக்கியங்களும் வந்து குவிய, தன்னார்வத் தொகுப்பாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மொழிநடையைப் பற்றிய குறை அது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: ஆங்கிலப் பதிவு யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்கு வேண்டிய செய்திகளே அதில் இருக்கும். செம்பூரிலிருந்து துறைமுகத் தடத்தில் சி.எஸ்.எம்.டி. செல்பவர்கள் வடாலா, சிவ்ரி கடந்து காட்டன் கிரீன் நிலையத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் பருத்தி வணிகத்தில் தென்கூட்டமைப்புக்கு நேரடிப் பங்கு உண்டு. போருக்கு முன் பிரிட்டிஷ் ஆலைகளின் பருத்தியில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கத் தெற்கிலிருந்து, அடிமைகளின் கையால் பறிக்கப்பட்டு வந்தது. பருத்தியை நிறுத்தினால் பிரிட்டன் தம்மிடம் மண்டியிட்டு அங்கீகாரம் தரும் என்று தென்னகத் தலைவர்கள் கணக்குப் போட்டார்கள். வடக்கின் கடற்படை முற்றுகையும் சேர்ந்துகொள்ள, லங்காஷயர் பட்டினி கிடந்தது. ஆனால் பிரிட்டன் பம்பாய் பக்கம் திரும்பியது. இந்தியப் பருத்தியின் விலை சில ஆண்டுகளில் பல மடங்கு ஏறியது. அந்த ஐந்தாண்டில் வழக்கமான விலைக்கு மேல் பம்பாய்க்குக் கிடைத்த உபரி 8 கோடிப் பவுனுக்கு மேல் என்பது இந்நகர வரலாறுகள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வங்கிகளும் நிலமீட்புக் கம்பெனிகளும் காளான்களாய் முளைத்தன. பிரேம்சந்த் ராய்சந்த் பங்குச் சந்தையின் முடிசூடா மன்னரானார். பார்டில் பிரேர் ஆளுநராக இருந்த அந்தக் காலத்தில்தான் கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டு நகரம் விரிந்தது. 1865 ஏப்ரலில் தெற்கின் தளபதி ஜெனரல் லீ சரணடைந்தார். செய்தி வந்து சேர்ந்ததும் பருத்தி விலை விழுந்தது. தவணை வணிக ஒப்பந்தங்கள் முதிர்ந்த ஜூலை 1 அன்று நகரமே நொடித்தது. பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் ராஜாபாய் கோபுரம், விலை ஏறிக்கொண்டிருந்த 1864-இல் பிரேம்சந்த் தந்த கொடையில் அவர் தாயின் பெயரால் எழுப்பப்பட்டு 1878-இல் முடிந்தது. அதன் அடித்தளப் பணம் எந்தப் போரிலிருந்து வந்தது என்பதை, தென்கூட்டமைப்பு பற்றிய ஒரு தமிழ்ப் பதிவு சொல்லவில்லையென்றால் வேறு எந்த மொழிப் பதிவு சொல்லும்? மராத்தியும் குஜராத்தியும் சொல்லலாம்; அவர்களோடு போட்டியிட்டாவது நாம் சொல்ல வேண்டும்.

வணிகர்கள் நொடித்ததோடு இந்தக் கதை நின்றிருந்தால் பரவாயில்லை. விலை ஏறியபோது கடன் கொடுத்த சாவகார்கள், விலை விழுந்தபின் தக்காண உழவர்களின் நிலத்தை எழுதி வாங்கினார்கள். 1875 மே மாதம் புணே மாவட்டத்தின் சுபேயில் கடன் பத்திரங்கள் எரிந்தன. அதை விசாரித்த ஆணையம் அமெரிக்கப் போரின் பருத்தி ஏற்றத்தையும் காரணங்களின் வரிசையில் வைத்தது. இணைப்பு மறுதிசையிலும் உண்டு. 1840-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தெற்கிலிருந்து பருத்தித் தோட்டக்காரர்கள் பத்துப் பேரை அழைத்துவந்து இந்தியாவில் அமெரிக்க வகைப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தது. அவர்களில் ஒரு பிரிவினர் சென்னை மாகாணத்துக்கு வந்தார்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1842 முதல் பத்தாண்டுக்கு மேல் கோயம்புத்தூரிலிருந்து அந்தச் சோதனையை மேற்பார்த்தார். அடிமை உழைப்பில் தேறிய வேளாண் முறையைக் கூலி உழவில் நட்டுப் பார்த்த அந்த முயற்சி பெரும்பாலும் தோற்றது. கரிசல் மண்ணில் நம்மவர்கள் விளைவித்த பருத்தியோ ‘தின்னவேலி’ என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறியது. தாராவியில் குடியேறிய திருநெல்வேலிக் குடும்பங்களில் பலருக்கு அந்தக் கரிசல் காடு அந்நியமல்ல.

இன்றைய ஒழுக்கத்தை வைத்து 160 ஆண்டு முந்தைய மனிதர்களை அளக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் அமெரிக்காவைத் தேடிப் போக மாட்டேன்; புணேக்குத்தான் போவேன். 1873-இல் ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காகத் தன்னலம் துறந்து உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். தம் நாட்டவரும் தம் சூத்திரச் சகோதரர்களை விடுவிக்க அதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்ற விருப்பத்தையும் அங்கே தெரிவித்தார். போர் முடிந்து எட்டே ஆண்டுகள். மாலி சாதியில் பிறந்த ஒரு மராத்தியருக்கு, கடலுக்கு அப்பால் நடந்த போர் எதைப் பற்றியது என்பதில் குழப்பமே இல்லை. ரிச்மண்டுக் கனவான்களும் அவருடைய சமகாலத்தவர்களே. அடிமைப்பட்டிருந்த 35 இலட்சம் பேரும் சமகாலத்தவர்களே. ‘அக்காலத்து ஒழுக்கம்’ என்று சொல்லும்போது எசமானனின் ஒழுக்கத்தை மட்டும் எண்ணிக்கொள்வது ஒரு பழக்கதோஷம்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் பதிவுகளுக்குள் நுழையும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பஞ்சத்தில் தம்மையும் தம் குடும்பத்தாரையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்கள் வருகிறார்கள். தஞ்சைக் காவிரிப் படுகையிலும் மலபாரிலும் நிலத்தோடு சேர்ந்து கைமாறிய உழவர்களைப் பற்றிய செய்திகள் இந்தியச் சட்ட ஆணையத்தின் 1841-ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ளன. 1843-இன் 5-ஆவது சட்டம் அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்பதை நிறுத்தியதே தவிர, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. அடிமையாக ஓர் ஆளை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக வரையறுத்த இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1-இல். அதாவது மான்ட்கோமரி கூட்டத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு கழித்து. நம் அடிமை முறை அமெரிக்கத் தோட்ட அடிமை முறையைப் போன்றதல்ல என்பார்கள். உண்மைதான். இங்கே சாதி முன்னால் நின்றது, கடல் கடந்த ஆள் வணிகம் அதன் மையமாக இல்லை, வயலோடு கட்டப்பட்டவர்களே மிகுதி. அந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டும், சுருக்காமல் எழுத வேண்டும். ஆனால் வேறுபாட்டை எழுதுகிறேன் என்று தொடங்கி, பண்ணையாளை வீட்டுப் பிள்ளைபோல வைத்திருந்தார்கள் என்று முடிக்கும் பத்தியை நானும் நீங்களும் படித்திருக்கிறோம். அதே வாக்கியத்தை வர்ஜினியாத் தோட்டக்காரரின் பேரன்மார் எழுதும்போது மட்டும் நமக்குச் சிரிப்பு வருகிறது.

திருவிதாங்கூர்ப் பதிவைப் பாருங்கள். குமரி மாவட்டத்தார் பலர் இங்கே அமர்ந்திருப்பதால் சொல்கிறேன். அங்கே அடிமை முறை 1855 பிரகடனத்தால் ஒழிந்தது. பக்கத்துக் கொச்சியில் அதற்கு முந்தைய ஆண்டு. அதை மன்னர் உத்திரம் திருநாளின் கருணை என்று ஒரு வரியில் முடிப்பது எளிது. 1847-இல் மிஷனரிகள் மன்னருக்குக் கொடுத்த மனுவும், பிரிட்டிஷ் ரெசிடென்ட் வழியாக வந்த வற்புறுத்தலும், 1853-இல் அரசு அடிமைகளின் பிள்ளைகளுக்கு மட்டும் தரப்பட்ட அரைகுறை விடுதலையும் அந்த ஒரு வரியில் அடங்காது. பிரகடனத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் புலையரும் பறையரும் பொதுவழியில் நடக்கவும் பள்ளியில் சேரவும் போராட வேண்டியிருந்தது. புலையர் தலைவர் அய்யன்காளி தடையை மீறிப் பொதுவழியில் ஓட்டிய வில்வண்டி 1893-இல்தான் புறப்பட்டது. மன்னரின் பிரகடனம், மிஷனரிகளின் மனு, ரெசிடென்சிக் கடிதங்கள், அய்யன்காளி ஸ்ரீமூலம் மக்கள் சபையில் 1912 முதல் பேசிய பேச்சுகள் எல்லாமே அச்சிலோ ஆவணக் காப்பகத்திலோ கிடைப்பவை. தென் கரோலைனாவின் அறிக்கைக்குக் கொடுத்த எடையை இவற்றுக்கும் கொடுத்து, முதல் பத்தியிலிருந்தே தொகுக்க வேண்டிய பதிவு அது.